டாங்கி வரட்டும், வராமல் போகட்டும். முதலில் அறிக்கையைக் காட்டு!

(விமான நிலைய எரிபொருள் கிடங்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் பற்றி, குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஆறு நாள் வேலை. கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். முடியாவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்டார். "தம்பி, ஏர்போர்ட்டுக்கு எண்ணெய் டாங்கி கட்டப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. வேலை கிடைக்கும்மான்னு என் மகன் சொல்றான். ஒரு நாள் எல்லாரும் எரிஞ்சு போயிடுவோம்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். நாங்க யாரை நம்புறது?"

அன்றைக்கு நேரம் இல்லை. இன்றைக்குப் பதில் சொல்கிறேன். அம்மா, யாரையும் நம்ப வேண்டாம். மகனையும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரையும் வேண்டாம், என்னையும் வேண்டாம். அறிக்கையைக் கேளுங்கள். அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. ஆபீஸ்காரர்கள் ஈ.ஐ.ஏ. என்பார்கள். ஒரு திட்டத்தைக் கட்டுவதற்கு முன்னால், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் மனிதனுக்கும் என்ன வரும், வந்தால் எப்படித் தடுப்பார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய கணக்கு அது.

நான் இஞ்சினியர் இல்லை. தோட்டத்தில் பிறந்தவன். ஏர்போர்ட் சரக்குப் பிரிவில் பதினொரு வருடம் மூட்டை தூக்கியவன். படித்த நம் பிள்ளைகளின் உதவியோடுதான் இந்த அறிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஏன் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு திட்டம் வந்தது. எந்தத் திட்டம், எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அறிக்கை நானூறு பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். எங்கள் தலைவர் ஒருவர் எப்படியோ ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இடங்கள்' என்று ஒரு பட்டியல். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த கோல்ப் மைதானம் அதில் இருந்தது. எங்கள் லயம் இல்லை! கோயில் இல்லை! தமிழ்ப்பள்ளி இருந்தது, ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். நில வரைபடத்தில் நாங்கள் குடியிருந்த இடம் 'விவசாய நிலம்'. அதில் மனிதர்கள் தூங்குகிறார்கள் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. கணக்கில் இல்லாதவனுக்கு ஆபத்து வந்தாலும் அது கணக்கில் வராது அல்லவா? அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

சரி, விஷயம். விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெய் என்ன? பயப்படாதீர்கள், உங்களுக்குத் தெரிந்த எண்ணெய்தான். தோட்டத்தில் விளக்கேற்றிய மண்ணெண்ணெய் நினைவிருக்கிறதா? அதன் நெருங்கிய உறவு. உயரத்தில் உறையாமல் இருப்பதற்காக நன்றாகச் சுத்திகரித்தது. ஜெட் ஏ-1 என்று பெயர். பெட்ரோலைப் போலச் சட்டென்று ஆவியாகித் தீப்பிடிக்காது. சுமார் 38 டிகிரி சூட்டுக்கு மேல்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்குச் சேரும். இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். "டாங்கி வெடித்து ஊரே போய்விடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால், முதல் கூட்டத்திலேயே அவர்களுடைய நிபுணர் நம்மை உட்கார வைத்துவிடுவார். ஆனால் நாமும் ஒன்று கேட்கலாம். குளிர் நாட்டில் 38 டிகிரி என்பது தூரத்து விஷயம். நம் நாட்டில் மதியம் வெளியே 33, 34 டிகிரி. வெயிலில் நிற்கிற இரும்புத் தகடு அதைவிடச் சுடும். உங்கள் அறிக்கையில் எந்த நாட்டுச் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?

அடுத்தது அளவு. போயிங் 747-400 ரக விமானத்தின் டாங்கிகள் முழுக்க நிரம்பினால் 216,000 லிட்டருக்கு மேல். ஒரு பெரிய டாங்கர் லோரி சுமார் 40,000 லிட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விமானத்துக்கு ஐந்து லோரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் பெரிய விமான நிலையம் என்றால் குழாயும் கிடங்கும் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். லோரி ஓட்டுகிற நம் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். சாலையில் எண்ணெய் லோரி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கனடாவில் வான்கூவர் விமான நிலையத்தில் இதே வாதம்தான் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

அந்த விமான நிலையத்துக்கு எண்ணெய் வந்துகொண்டிருந்தது இரண்டு வழியில். ஒன்று பழைய குழாய். இன்னொன்று எல்லை தாண்டி அமெரிக்காவிலிருந்து வருகிற லோரிகள். இது போதாது என்று விமான நிறுவனங்கள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. பிரேசர் ஆற்றின் தென்கிளையில், ரிச்மண்ட் நகரத்தில், கப்பல் வந்து எண்ணெய் இறக்கும் துறை. பக்கத்தில் 80 மில்லியன் லிட்டர் பிடிக்கும் கிடங்கு. அங்கிருந்து விமான நிலையம் வரை சுமார் 13 கிலோமீட்டர் நிலத்தடிக் குழாய். லோரிகள் குறையும், சாலைக்கு நல்லது என்றார்கள்.

ரிச்மண்ட் மக்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? எண்ணெயே வேண்டாம் என்று கேட்கவில்லை. "ஏன் இந்த இடம்?" என்று கேட்டார்கள். பிரேசர் ஆற்று முகத்துவாரம் சால்மன் மீன் ஏறி வருகிற வழி. லட்சக்கணக்கான பறவைகள் வலசை போகும்போது இறங்கி இரை தேடும் சேற்று நிலம். அங்கே எண்ணெய் கொட்டினால் ஏற்றமும் இறக்கமும் அதை எங்கே கொண்டுபோகும்? கப்பலில் தீப்பிடித்தால் அணைக்கிற படகும் நுரையும் யாரிடம் இருக்கிறது? வேறு வழிகளை உண்மையாக ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, அல்லது முடிவு செய்துவிட்டு ஒப்பிட்டதாக எழுதினீர்களா? நகராண்மையும் எதிர்த்தது. குடியிருப்பாளர்கள் சங்கம் அமைத்தார்கள். மதிப்பீடு பல வருடம் இழுத்தது.

கடைசியில் என்ன நடந்தது? 2013 டிசம்பரில் மாகாண அரசு அனுமதி கொடுத்துவிட்டது. மக்கள் தோற்றார்கள் என்று சொல்லலாம். ஆனால் அனுமதியோடு 64 நிபந்தனைகள் வந்தன. சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனைகள். கேள்வி கேட்காத ஊருக்கு இத்தனை நிபந்தனை கிடைத்திருக்குமா? எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஆற்றங்கரையில் அந்தத் துறை வந்ததே தவறு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் சும்மா இருந்திருந்தால் இதுவும் இல்லை.

இப்போது 'எப்படிக் கசியும்' என்கிற விஷயம். கம்பெனி சொல்லும்: அளவுகோல் இருக்கிறது, எச்சரிக்கை மணி இருக்கிறது, தானாக நிறுத்தும் கருவி இருக்கிறது. இங்கிலாந்தில் பன்ஸ்பீல்ட் என்ற இடத்திலும் எல்லாம் இருந்தது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய 40 விழுக்காடு அந்தக் கிடங்கு வழியாகத்தான் போனது. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஒரு டாங்கியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அளவு காட்டும் கருவி அப்படியே சிக்கி நின்றுவிட்டது. டாங்கி நிறைந்தது திரையில் தெரியவில்லை. கடைசிப் பாதுகாப்பாக மேலே ஒரு சுவிட்ச். அதுவும் வேலை செய்யவில்லை. ஏன்? சோதனைக்கான நெம்புகோல் சரியான நிலையில் நிற்க ஒரு பூட்டு மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. அந்தப் பூட்டு எதற்கு என்றே அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை! 250,000 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்தது. ஆவி மேகமாகப் படர்ந்து காலை 6 மணி தாண்டி வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் எரிந்தன. 43 பேர் காயம். ஞாயிறு விடியற்காலை என்பதால் ஒருவரும் சாகவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நடந்திருந்தால்?

அந்த அளவுகோல் அன்றைக்கு முதல் தடவை சிக்கவில்லை. ஆகஸ்டு கடைசியிலிருந்து அந்த நாள் வரை 14 தடவை சிக்கியிருக்கிறது என்று விசாரணையில் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் தட்டிச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நாம் வேலை செய்கிற இடங்களிலும் இப்படித்தானே நடக்கிறது? அதனால் அறிக்கையில் 'கருவி பொருத்தப்படும்' என்ற வரியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பழுதானால் யார் எழுதி வைப்பார், எத்தனை தடவை பழுதானால் டாங்கியை நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

வெடித்தது பெட்ரோல், விமான எண்ணெய் அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரே கிடங்கில் இரண்டையும் வைத்திருந்தார்கள். உங்கள் கிடங்கில் விமான எண்ணெய் மட்டுமா, வேறு எண்ணெயும் வருமா? பத்து வருடம் கழித்துச் சேர்ப்பீர்களா? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

பன்ஸ்பீல்டில் இன்னொன்றும் நடந்தது. டாங்கியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள். மிகப் பெரிய டாங்கி உடைந்தாலும் அதற்குள்ளேயே நிற்கும், 110 விழுக்காடு பிடிக்கும் என்று எல்லா அறிக்கையிலும் எழுதுவார்கள். அங்கே சுவரின் இணைப்புகளும் குழாய் நுழைகிற ஓட்டைகளும் தீயில் விட்டுப் போயின. எண்ணெயும் தீயணைத்த தண்ணீரும் நுரை மருந்தும் கலந்து வெளியே ஓடி, நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்தன. அந்த நுரையில் இருந்த பி.எஃப்.ஓ.எஸ். என்ற ரசாயனம் மண்ணில் சீக்கிரம் அழியாது. தீயை அணைத்தாகிவிட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும்.

இன்னொரு விஷயம், நம் நாட்டு மழை. தடுப்புச் சுவருக்குள் இருக்கும் இடம் 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் உள்ளே ஒரு மில்லியன் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை வெளியே விட ஒரு வால்வு இருக்கும். திறக்கத்தான் வேண்டும். திறந்தவர் மறந்துவிட்டால் சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த வால்வு எந்த லோங்காங்குக்குத் திறக்கிறது? அந்த லோங்காங் எந்த ஆற்றுக்குப் போகிறது? அந்த ஆற்றில் குடிநீர் எடுக்கும் இடம் எத்தனை கிலோமீட்டர் கீழே?

2020 செப்டம்பரில் சிலாங்கூரில் தண்ணீர் நின்றதை யார் மறந்தீர்கள்? ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, நாற்றம் சுங்கை சிலாங்கூர் வரை போய், நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர்கள் நாம்தான். பணக்காரன் ஹோட்டலுக்குப் போனான். எண்ணெய்க் கசிவில் வீடு எரிய வேண்டும் என்று அவசியம் இல்லை. நாற்றம் மட்டும் ஆற்றுக்குப் போனாலே போதும்.

விமான எண்ணெய் குடிதண்ணீரில் கலந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஹவாய் தீவு சாட்சி. ரெட் ஹில் என்ற மலைக்குள் அமெரிக்கக் கடற்படை 1940-களில் 20 பெரிய டாங்கிகளைப் புதைத்து வைத்தது. அதற்குச் சுமார் 30 மீட்டர் கீழே ஊருக்குக் குடிநீர் தரும் நிலத்தடி ஊற்று! 2014 ஜனவரியில் ஒரு டாங்கியில் 27,000 கேலன் கசிந்தது. மக்கள் கூச்சல் போட்டார்கள். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றார்கள். 2021 நவம்பரில் மறுபடியும் கசிந்து, இந்தத் தடவை குழாயிலேயே வந்துவிட்டது. கடற்படையின் அந்தக் குடிநீர் அமைப்பை நம்பி இருந்தவர்கள் சுமார் 93,000 பேர். குழந்தைகளுக்கு வாந்தி, தலைவலி, உடம்பில் தடிப்பு. 2022 மார்ச்சில்தான் கிடங்கை மூட உத்தரவு வந்தது. அது இராணுவக் கிடங்கு, கட்டிய காலத்தில் இப்போது மாதிரிச் சட்டமும் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் மண்ணுக்குள் எப்படிப் போகும் என்பது இராணுவத்துக்கும் கம்பெனிக்கும் ஒன்றுதான்.

மண் என்றதும் நம் நாட்டுக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்ததை இங்கே பலர் தூரத்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். காலை எட்டு மணி தாண்டிப் பிடித்த தீ மாலை நாலு மணி நெருங்கும்போதுதான் அடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம். வீடுகளும் வண்டிகளும் போயின. விசாரணை அறிக்கை ஜூன் மாதம் வந்தது. நாசவேலை இல்லை என்றது. குழாய்க்குக் கீழே இருந்த மண் நிலையாக இல்லை, குழாய் நாளடைவில் அசைந்து தளர்ந்து உடைந்தது என்றது. அது எரிவாயு, இது எண்ணெய், இரண்டும் ஒன்றல்ல. மண் மட்டும் ஒன்றுதான். கடலோரச் சிலாங்கூரில் பெரும்பகுதி சதுப்பும் களிமண்ணும். தோட்டத்தில் வடிகால் வெட்டியவர்களைக் கேளுங்கள், எத்தனை அடிக்குக் கீழே கறுப்பு மண் என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள டாங்கியை அதன் மேல் வைத்தால் எத்தனை வருடத்தில் எவ்வளவு இறங்கும், ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் குழாய் இணைப்பு என்ன ஆகும் என்று அறிக்கையில் எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று இருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம், பிரிவு 34ஏ. அதன் கீழ் 1987-இல் ஓர் ஆணை வந்தது. வணிக, தொழில், குடியிருப்புப் பகுதியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் 60,000 பீப்பாய் அல்லது அதற்கு மேல் பிடிக்கும் கிடங்கு கட்டினால் ஈ.ஐ.ஏ. வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 60,000 பீப்பாய் என்றால் சுமார் ஒன்பதரை மில்லியன் லிட்டர். வான்கூவர் கிடங்கு அதைப்போல எட்டு மடங்குக்கு மேல். ஆனால் அந்த வரியில் இருந்த சொற்கள் பெட்ரோல், எரிவாயு, டீசல். விமான எண்ணெய் என்று பெயர் சொல்லவில்லை! வக்கீல்கள் இப்படிப்பட்ட இடைவெளியில்தான் லோரி ஓட்டுவார்கள். 2015-இல் புதிய ஆணை வந்து திட்டங்களை இரண்டு அட்டவணையாகப் பிரித்தது. இரண்டாம் அட்டவணை என்றால் அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அதனால் நம் முதல் கடிதத்தில் முதல் கேள்வி இதுதான்: இந்தத் திட்டம் எந்த அட்டவணை? கிடங்கை ஒரு திட்டமாகவும் குழாயை இன்னொரு திட்டமாகவும் பிரித்து, இரண்டையும் சின்னதாகக் காட்டுகிறீர்களா?

அறிக்கை பார்க்க உரிமை இருக்கிறதா என்பதே இந்த நாட்டில் சண்டை போட்ட விஷயம். சரவாக்கில் பாக்குன் அணை வந்தபோது பழங்குடி மக்கள் மூவர் வழக்குப் போட்டார்கள். அறிக்கையை மக்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று 1996-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நீள வீட்டில் வாழ்ந்தவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள். தாமானிலும் பிளாட்டிலும் இருக்கிற நாம் இலாகா வாசல் வரை போகக் கூடாதா?

வேலை கிடைக்குமே என்று சொன்ன அந்த மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, கட்டும் போது எத்தனை பேர், கட்டிய பிறகு நிரந்தரமாக எத்தனை பேர், அதில் பக்கத்து ஊர்க்காரர் எத்தனை பேர் என்று அறிக்கையின் சமூகப் பகுதியில் தேடிப் பார். டாங்கிக் கிடங்கு தொழிற்சாலை மாதிரி இல்லை. கட்டி முடித்தால் கொஞ்சம் ஆட்களும் நிறைய கேமராவும்தான். எண் நன்றாக இருந்தால் நானே உனக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. பின்னால் மேசையில் ஒரு வரைபடம் விரித்து வைத்திருக்கிறோம். டீ குடித்துவிட்டு எல்லோரும் போய் உங்கள் வீட்டை, பிள்ளை படிக்கிற பள்ளியை, கோயிலை, சுராவை, பாட்டி தாத்தா இருக்கிற கம்போங் வீட்டை, மாட்டுக் கொட்டகையைக்கூட, பேனாவால் குறியுங்கள். நிலப் பட்டா இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நடக்க முடியாதவர்கள், ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. பொம்பா வண்டி நுழைய முடியாத சந்து இருந்தால் அதையும் எழுதுங்கள். வெள்ளம் ஏறிய இடங்களை வயதானவர்கள் காட்டிக் கொடுங்கள். எந்த வருடம், எத்தனை அடி என்று. படிவம் ஐந்து வரை படித்த பிள்ளைகள் மூன்று பேராவது வேண்டும், கடிதத்தை மலாயில் எழுத. தமிழ்ப் பிரதியை நாமே தயாரித்து ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுவோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஐ.சி. எண்ணை மறந்துவிடாதீர்கள், எண் இல்லாத கையெழுத்தைத் தள்ளிவிடுவார்கள். கடிதம் புதன்கிழமை இலாகாவுக்குப் போகிறது. முத்திரை குத்திய பிரதியை வாங்கிக்கொண்டுதான் வருவோம். கூட வர முடிந்தவர்கள் காலை எட்டரைக்குப் பிளாட் வாசலில் நில்லுங்கள். வேன் ஒன்று பேசியிருக்கிறோம், பதினான்கு பேருக்கு இடம் இருக்கிறது.